கடல் கடந்த பிள்ளைகளும் கரையில் நின்ற பெற்றோரும்

கல்வியின்பொருட்டு வீட்டையும் உற்றாரையும் பிரிந்து செல்லுதல் நம்மவர்க்குப் புதியதன்று. பொருள் தேடிப் பிரிவதும் போர் கருதிப் பிரிவதும் போலக் கல்வி கருதிப் பிரிவதற்கும் 'ஓதற் பிரிவு' எனப் பெயரிட்டுத் தனியிடம் வகுத்தது நம் பழைய இலக்கணம். ஆயினும் அவ்விலக்கணம் தலைவன் தலைவியரின் பிரிவையே பொருளாகக் கொண்டது. பிள்ளையைத் தொலைதேயத்துக்கு ஓத அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கும் தாய் தந்தையரின் நிலை அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. வரலாறு எழுதுவோரும் பெரும்பாலும் அவ்வாறே. இன்னார் இன்ன கல்லூரியிற் சேர்ந்தார், இன்ன பட்டம் பெற்றார் என விரித்தெழுதும் அவர்கள், அவரை அனுப்பியவர் எவ்வாறு ஆயத்தஞ் செய்து அனுப்பினர் என்பதனை ஓரிரு வரிகளில் முடித்துவிடுவர்.

இன்று நம் வீடுகளின் வாசலிலேயே இவ்விடயம் வந்து நிற்கின்றது. இலண்டனுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ படிக்கப் புறப்படும் பிள்ளைகளை ஊர்தோறும் காண்கின்றோம். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு, வங்கிக் கணக்குக் கூற்று, விசா விண்ணப்பம், குளிருக்கு உடுப்பு, அம்மா இடித்துக் கட்டிய மிளகாய்த்தூள்ப் பொதி என்று வீடே அல்லோலகல்லோலப்படுகின்றது. காணியை ஈடு வைத்தவரும் உளர். தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் விற்றவரும் உளர். பெட்டிக்குள் வைக்க வேண்டியன யாவும் வைத்தாயிற்று. பிள்ளைக்குள் வைக்க வேண்டியது யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, நூறாண்டுகளுக்கு முன் இதே நிலையில் நின்ற மூன்று வீடுகளின் வரலாற்றை நோக்குதல் பயன் தரும்.

அன்றைய நிலை

இந்திய சிவில் சேவைக்குரிய போட்டிப் பரீட்சை 1855ஆம் ஆண்டு தொடங்கியது. அது நெடுங்காலம் இலண்டனிலேயே நடைபெற்றது. இந்தியாவிலும் அதனை நடத்த 1922ஆம் ஆண்டுவரை ஆட்சியாளர் இணங்கினாரல்லர். பாரிஸ்டர் ஆக விரும்பியவனும் இலண்டன் மாநகரின் சட்ட விடுதிகளுள் ஒன்றிற் சேர்ந்தே ஆகவேண்டும். ஆகவே உயர்பதவியின் திறவுகோல் கடலுக்கு அப்பால் இருந்தது. 1869ஆம் ஆண்டு சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஆபிரிக்காவைச் சுற்றிச் சென்ற நெடும்பயணம் சில வாரப் பயணமாகச் சுருங்கிற்று.

வழி சுருங்கியது, மனத்தடை சுருங்கவில்லை. பௌதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைக் குலநிலை இழப்பிக்கும் குற்றங்களுள் ஒன்றாக எண்ணிற்று. சென்று மீண்டவன் பிராயச்சித்தஞ் செய்தாலன்றிச் சாதியார் அவனோடு பந்தியில் இருக்கமாட்டார். எனவே பிள்ளையை அனுப்பிய பெற்றோர் பணத்தை மட்டுமன்றித் தம் சுற்றத்தின் நல்லெண்ணத்தையும் சேர்த்தே பணயம் வைத்தனர் எனலாம்.

தந்தை இட்ட வேலி

முதலாவது வீடு வங்காளத்தில் உள்ளது. டாக்டர் கிருஷ்ணதன் கோஷ் ஸ்கொத்லாந்து தேசத்து அபெர்டீனில் மருத்துவம் கற்று மீண்டவர். பிராயச்சித்தஞ் செய்ய மறுத்தவர். ஆங்கிலேயரின் நடையுடை பாவனையே முன்னேற்றத்தின் வழி என்று அக்காலத்தில் உறுதியாக நம்பியவர். 1879ஆம் ஆண்டு தம் புதல்வர் மூவரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று, மன்செஸ்ரர் நகரில் ட்றூவெற் என்னும் பாதிரியாரின் குடும்பத்தில் ஒப்படைத்தார். அவர்களுள் இளையவனாகிய அரவிந்தனுக்கு அப்போது வயது ஏழு. இப்பிள்ளைகள் இந்தியர் எவரோடும் பழகுதல் கூடாது, இந்தியச் சார்பு எதுவும் இவர்கள்மேற் படுதல் கூடாது என்பது தந்தையார் இட்ட கண்டிப்பான கட்டளை.

இதனினும் உறுதியான வேலியை யாரும் கட்டியிரார். பிள்ளை இலண்டன் சென். போல் பாடசாலையிற் கற்று, உபகாரச் சம்பளம் பெற்று, 1890ஆம் ஆண்டு கேம்பிறிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் புகுந்தான். கிரேக்கமும் இலத்தீனும் கைவந்தன. தாய்மொழியாகிய வங்காளத்தையோ கேம்பிறிட்ஜிலேயே, சிவில் சேவைப் பயிற்சியின்பொருட்டு, முதன்முறை கற்க நேர்ந்தது. தந்தையார் அனுப்பும் பணமும் ஒழுங்காக வந்ததில்லை. காலையில் இரண்டொரு துண்டுப் பாணும் தேநீரும், மாலையில் ஒரு பென்னி விலையுள்ள இறைச்சிப் பண்டமுமாக ஓராண்டுக் காலம் கழிந்ததென்பர்.

இவ்வேலியை உடைத்தவர் யார்? அதனைக் கட்டிய தந்தையாரே. ஆங்கில ஆட்சியில் நம்பிக்கை தளர்ந்த அவர், இந்தியருக்கு ஆங்கிலேயர் இழைத்த கொடுமைகளைக் கூறும் பத்திரிகைப் பகுதிகளைக் குறியிட்டு மக்களுக்கு அனுப்பலானார். எந்த நாட்டின் காற்றும் படலாகாது என்று விலக்கினாரோ, அந்த நாட்டின் துயரைத் தாமே தபாலில் அனுப்பினார்! மைந்தன் சிவில் சேவைப் பரீட்சையிற் சித்தியெய்தியும் குதிரையேற்றப் பரீட்சைக்குச் செல்லாது அப்பதவியைக் கைவிட்டான். 1893ஆம் ஆண்டு தாயகம் மீண்டான். ஆனால் மகன் வரும் கப்பல் மூழ்கிற்று என்ற பிழையான செய்தியைக் கேட்டுத் தந்தையார் அதற்கு முன்னரே உயிர்நீத்தார். மகனோ அக்கப்பலில் ஏறவேயில்லை. பிற்காலத்தில் உலகம் அறிந்த ஸ்ரீ அரவிந்தரை அவர் கண்டிலர்.

தாய் பெற்ற சபதம்

இரண்டாவது வீடு கத்தியவாரிலுள்ள காந்தி குடும்பத்தினருடையது. தந்தையார் கரம்சந்த் 1885ஆம் ஆண்டு காலமாகிவிட்டார். மகன் மோகனதாஸ் 1888ஆம் ஆண்டு பவநகர்க் கல்லூரியிற் சேர்ந்து, பாடங்கள் விளங்காமல் முதல் தவணையோடு வீடு திரும்பினான். குடும்ப நண்பராகிய மாவ்ஜி தவே, இவனை இலண்டனுக்கு அனுப்பிப் பாரிஸ்டராக்குங்கள் என்றார். நாலாயிரம் ஐயாயிரம் ரூபாவுக்குமேல் ஆகாது என்று கணக்குஞ் சொன்னார்.

அப்பணத்துக்காக மோகனதாஸ் பட்ட பாட்டை இன்றைய மாணவர் அறிதல் நன்று. மாட்டுவண்டியிலும் பின் ஒட்டகத்திலும் ஏறிப் போர்பந்தருக்குச் சென்றான். அங்கே ஆட்சிப் பொறுப்பிலிருந்த லீலி துரையிடம் உதவி கேட்டான். முதலில் பீ. ஏ. தேறி வா என்று கூறி அவர் அனுப்பிவிட்டார். மனைவியின் நகைகளை விற்றால் இரண்டு மூவாயிரம் தேறும் என எண்ணினான். இறுதியில் தமையனார் பொறுப்பேற்றார்.

அன்னை புத்லிபாயின் கவலை பணம் பற்றியதன்று. சீமைக்குச் சென்ற இளைஞர் கெட்டுவிடுவர், புலால் உண்பர், மதுவின்றி அங்கு வாழமுடியாது என்று அவருக்குப் பலரும் சொல்லியிருந்தனர். என்னை நம்பமாட்டீர்களா என்று மகன் கேட்டான். நம்புகின்றேன், ஆனால் அத்தனை தூரத்தில் எப்படி நம்புவேன் என்று அத்தாய் கலங்கினார். பின்பு சமணத் துறவியாகிய பேச்சர்ஜி சுவாமி முன்னிலையில் மதுவையும் மாதரையும் புலாலையும் தொடேன் என்று மகன் மூன்று சபதங்கள் செய்தான். அதன்மேல் தாய் அனுமதி கொடுத்தார். மோத் வணிகர் சமூகம் பம்பாயிற் கூடி அவனைச் சாதியிலிருந்து விலக்கிற்று. துறைமுகத்துக்குச் சென்று வழியனுப்புவோருக்கு ஒரு ரூபா நாலணா தண்டம் என்றும் விதித்தது. மோகனதாஸ் அசைந்தானல்லன். 1888 செப்ரெம்பர் 4ஆந் திகதி கப்பலேறினான்.

இலண்டனில் நண்பரொருவர் நாள்தோறும் அவனோடு வாதிட்டார். எழுத்தறியாத தாயின் முன், அந்நாட்டு நிலை தெரியாமற் செய்த சபதம் சபதமாகுமா என்பது அவர் வாதம். வாதத்துக்கு விடை சொல்ல அவனால் இயலவில்லை. சபதம் சபதமே என்று மட்டும் சொன்னான். அரைவயிற்றோடு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, பரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவுச்சாலையைக் கண்டுபிடித்தான். அங்கே விற்பனைக்கிருந்த சால்ற் என்பவரின் நூலை வாங்கிப் படித்தபின், தாய்க்காகக் காத்த விரதம் தன் சொந்தக் கொள்கையாயிற்று. இலண்டன் மரக்கறி உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றான். அச்சங்கத்தாரின் பத்திரிகையிற் கட்டுரைகளும் எழுதினான். கூச்சம் மிகுந்த அம்மாணவன் பொதுவாழ்வின் அரிச்சுவடியைப் பயின்றது அங்கேதான். தாயின் சபதம் அவனை உலகிலிருந்து பிரிக்கவில்லை. நல்லோர் கூட்டத்துக்கு வழிகாட்டிற்று.

1891ஆம் ஆண்டு பாரிஸ்டராகிப் பம்பாயில் இறங்கியபோது, தாயார் இறந்துவிட்ட செய்தியைத் தமையனார் சொன்னார். அந்நிய நாட்டில் தம்பி துயருறலாகாது என்று அதுவரை மறைத்து வைத்திருந்தனர். சபதத்தைக் காத்தேன் என்று சொல்லவந்த மகனுக்கு அதைக் கேட்கத் தாய் இல்லை. 1927ஆம் ஆண்டு மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் வந்த மகாத்மாவை உருவாக்கியவர்களுள் அவ்வன்னைக்கு முதலிடம் உண்டு.

விடைகொடுத்த அன்னை

மூன்றாவது வீடு கும்பகோணத்தில் உள்ளது. கணிதமேதை இராமாநுஜனின் தந்தையார் துணிக்கடைக் கணக்கர்; தாயார் கோமளத்தம்மாள். 1913ஆம் ஆண்டு இராமாநுஜன் எழுதிய கடிதத்தைக் கண்ட பேராசிரியர் ஹார்டி அவரைக் கேம்பிறிட்ஜுக்கு அழைத்தார். ஆசாரமிக்க குடும்பம், கடல் கடக்க இசையவில்லை. பின்பு நாமக்கல் நாமகிரித் தாயார் தம் கனவில் தோன்றி, மகனின் வழியில் நிற்காதே என்று பணித்ததாகக் கோமளத்தம்மாள் கூறித் தடையை நீக்கினார். தெய்வத்தின் சொல் அது என்பார் பலர். தாயுள்ளம் தானே கண்ட வழி என்பார் சிலர். எவ்வாறாயினும், தம் விருப்பத்தைத் தாமே விலக்கிக்கொண்ட தாய் அவர் என்பதில் ஐயமில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு இருநூற்றைம்பது பவுண் உபகாரச் சம்பளமும், பயணத்துக்கும் உடைக்குமாக நூறு பவுணும் வழங்கிற்று. அதில் ஆண்டுக்கு ஐம்பது பவுண் வீட்டாரின் சீவனத்துக்கென ஒதுக்கப்பட்டது. இராமாநுஜன் குடுமியைக் களைந்தார். கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணப் பழகினார். குடுமி களைந்த கோலத்தைத் தாயும் மனைவியும் காணவேண்டாமென்று அவர்களை முன்னரே ஊருக்கு அனுப்பிவிட்டார். 1914 மார்ச் 17ஆந் திகதி கப்பல் புறப்பட்டது.

ஆனால் கேம்பிறிட்ஜின் குளிருக்கும் தனிமைக்கும் அவரை யாரும் ஆயத்தஞ் செய்யவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் உலகப் போர் மூண்டது. மரக்கறியும் வேண்டிய பண்டங்களும் அரிதாயின. தாமே சமைத்து, நேரந் தவறி உண்டு, இரவு பகலாகக் கணித்தார். 1917ஆம் ஆண்டு நோய் பற்றியது. வீட்டுக் கடிதங்களும் குறைந்தன. 1918ஆம் ஆண்டு றோயல் சங்கத்து உறுப்பினரானார். 1919ஆம் ஆண்டு மெலிந்த உடலோடு மீண்டார். மறு ஆண்டு ஏப்பிரல் 26ஆந் திகதி, முப்பத்திரண்டாம் வயதில், சென்னையில் இறந்தார். மூன்று பெற்றோருள் மகன் மீண்டதைக் கண்டவர் கோமளத்தம்மாள் ஒருவரே. அவரும் கண்டது இத்துணைதான்.

நம் நாட்டிலிருந்து ஒருவர்

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. சேர். பொன்னம்பலம் அருணாசலம் 1870ஆம் ஆண்டு புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜ் கிறைஸ்ற்ஸ் கல்லூரியிற் கற்று, 1875ஆம் ஆண்டு போட்டிப் பரீட்சை வழியாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தார். அவரே 1906ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்துக்குத் தலைமை தாங்கி, இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று உழைத்தார். 1921ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பேராதனையில் ஒரு மாணவர் விடுதி அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. கடல் கடந்து கற்ற ஒருவர், ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கற்கக் கடல் கடக்க வேண்டாத நாளை விரும்பினார். சென்றவர் திருப்பிக் கொடுக்கும் கடன் இத்தகையது.

பெரியோர்க்கும் இளைஞர்க்கும்

இவ்வரலாறுகள் நமக்குக் கற்பிப்பன சில. பிறர் காவலில் வைக்கும் வேலி நிலையாது. பிள்ளை தானே மனமொப்பி ஏற்ற சொல் நிலைக்கும். புத்லிபாய் மகனைக் காக்கத் தூதர் எவரையும் அனுப்பவில்லை. அஞ்சியதை ஒளியாமற் சொன்னார், சொல்லைப் பெற்றார், பெற்றபின் நம்பினார். மகனை நம்பி அனுப்பி, மகளுக்கு மட்டும் வேலி தேடும் வீடுகள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். அன்றியும், உள்ளத்தை ஆயத்தஞ் செய்தால் மட்டும் போதாது என்பதற்கு இராமாநுஜனின் வாழ்வு சான்று. ஒரு குழம்பு வைக்கத் தெரிதல், நோய் வந்தால் மறையாது சொல்லத் துணிதல், அவ்வூரில் அழைக்கக்கூடிய ஒருவரை முன்னரே அறிதல் ஆகியனவும் கல்விக்குரிய ஆயத்தங்களே.

இளைஞர்க்கும் ஒன்று கூறலாம். 1983ஆம் ஆண்டின்பின் நம்மவர் பல்லாயிரவர் கடல் கடந்தது கல்விக்காக அன்று, உயிர் காக்க. அவர்களுக்கு ஆயத்தஞ் செய்ய ஒரு நாளும் கிடைக்கவில்லை. நமக்கோ மாதக்கணக்கில் ஆயத்தஞ் செய்து, கைப்பிடித்து வழியனுப்பப் பெற்றோர் உளர். அன்று ஒரு கடிதம் வந்துசேர வாரங்கள் சென்றன. இன்று அன்னையின் முகத்தைக் கைத்தொலைபேசியில் நொடியிற் காணலாம். அந்த வசதியிருந்தும் வாரக்கணக்கில் அழையாதிருப்போமாயின், தூரத்தைக் குறை கூறுதல் ஆகாது.

விதைத்தவர் எல்லோரும் விளைவைக் காண்பதில்லை. டாக்டர் கோஷும் புத்லிபாயும் கண்டிலர். அதனை அறிந்தே பெற்றோர் அனுப்புகின்றனர். பெட்டியின் நிறை கூடினால் விமான நிலையத்திற் சில பொருள்களை எடுத்து வெளியே வைக்க நேரும். கொடுத்த சொல்லுக்கு நிறையில்லை. அதனை எங்கும் எடுத்துச் செல்லலாம்.