உத்தரவில் பிறந்த பட் தாய்

1942 நவம்பரில் தாய்லாந்துப் பிரதமர் நாட்டு மக்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மொத்தம் 1 கோடியே 80 லட்சம் பேர் இருக்கிறோம். ஆளுக்குத் தினம் ஒரு கிண்ணம் குவாய்தியாவ், அதாவது அரிசி நூடுல்ஸ். கிண்ணம் 5 சதாங். அப்படியானால் ஒரு நாளைக்கு 9 கோடி சதாங். நூறு சதாங் ஒரு பாட் என்பதால் 9 லட்சம் பாட். இந்தப் பணம் நெல் விளைவிப்பவரிடமிருந்து மாவு அரைப்பவருக்கு, பயறு முளைகட்டுபவருக்கு, வண்டி தள்ளுபவருக்கு என்று கைமாறி நாட்டுக்குள்ளேயே சுற்றும். ஆகவே மகாஜனங்களே, நூடுல்ஸ் சாப்பிடுங்கள்!

மளிகைக்கடைக்காரர் சிட்டையின் ஓரத்தில் பென்சிலால் போடுகிற கணக்கு மாதிரி இருக்கிறது. போட்டவரோ ஃபீல்ட் மார்ஷல். பெயர் ப்ளேக் பிபூன்சொங்க்ராம். 'ப்ளேக்' என்றால் விநோதம் என்று அர்த்தம். பிறந்தபோது காதுகள் கண்மட்டத்துக்குக் கீழே இருந்தன என்று பெற்றோர் வைத்த பெயர். உலகம் முழுக்கத் தாய்லாந்தின் அடையாளமாக விற்கும் பட் தாய் நூடுல்ஸுக்கு வரலாற்றில் தகப்பன் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால், எல்லோரும் இவரைத்தான் காட்டுகிறார்கள்.

அந்த வருடம் பாங்காக்குக்குப் போதாத காலம். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை உள்ளே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு மழைக்காலக் கடைசியில் பெருவெள்ளம். அனந்த சமாகம் மண்டபத்தின் முன்னால், அணிவகுப்பு நடக்கிற அரச சதுக்கத்தில், ஜனங்கள் படகு ஓட்டிப் போகிற புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. வாரக்கணக்கில் நகரம் தண்ணீருக்குள் கிடந்தது. சோறும் மிளகாய்த் துவையலும் ஒரு துண்டு உப்புக்கருவாடும் என்று வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்த மக்களுக்கு, முட்டையும் முளைப்பயறும் சேர்ந்த சூடான நூடுல்ஸ் சத்து, சுத்தம், மலிவு என்று அரசாங்கம் பிரசாரம் செய்தது. வீட்டுக் கொல்லையில் காய்கறி போடு, கோழி வளர் என்ற இன்னொரு பிரசாரமும் அப்போது நடந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே சட்டியில் சேர்ந்தன.

சாப்பாட்டில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பிபூன் காலத்து அரசாங்கத்துக்கு எல்லாவற்றிலும் வேலை இருந்தது. 1932-ல் மன்னரின் தனியாட்சியை முடித்துவைத்த குழுவில் அவரும் ஒருவர். 1938 டிசம்பரில் பிரதமரானார். 1939 ஜூன் 24 அன்று சயாம் என்ற பெயர் போய் தாய்லாந்து வந்தது. அதிலிருந்து 1942-க்குள் மொத்தம் 12 ஆணைகள். அவற்றுக்கு 'ரட்டநியோம்' என்று பெயர். ராஷ்டிரமும் நியமமும் தாய் நாக்கில் உருண்டு இப்படி ஆகியிருக்கின்றன. ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் சாப்பிடாதே, ஆறிலிருந்து எட்டு மணி நேரம் தூங்கு என்பதுவரை ஆணையில் வந்தது. அதே வேகத்தில் வெற்றிலை போடுவதற்குத் தடை. வெளியே வரும் பெண்கள் தொப்பி போட்டே ஆக வேண்டும். நான்கு வேளை என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

இங்கேதான் சிக்கல். நூடுல்ஸ் தாய் உணவே கிடையாது. சீன வணிகர்களோடும் கூலிகளோடும் வந்து இறங்கிய பண்டம் அது. 'குவாய்தியாவ்' என்பது தியோச்யூ சீனச் சொல். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சார் குவாய் தியாவ் என்று விற்பதிலும் அதே சொல்தான் இருக்கிறது. பிபூன் அரசு சீனர்களை நெருக்கிக்கொண்டிருந்தது. சீனப் பள்ளிகள் மூடப்பட்டன. சில தொழில்கள் தாய் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. சீனரை விலக்க வேண்டும், சீனப் பண்டத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் ஒரே வழி, பண்டத்துக்குப் பெயர் மாற்றி ஞானஸ்நானம் செய்துவிடுவது. இத்தனைக்கும் பிபூனின் அப்பாவழித் தாத்தாவே சீனத்திலிருந்து வந்தவர் என்று சொல்லப்படுகிறது.

உத்தரவு பொதுவாக குவாய்தியாவுக்குத்தான். இன்ன மாதிரி வதக்கு என்று அதில் பட் தாய்க்குத் தனி அத்தியாயம் இருந்ததாக நினைத்துவிடக் கூடாது. ஆனால் செய்முறைகள் விநியோகமாயின, தள்ளுவண்டிகள் பெருகின, தாய் மக்களே நூடுல்ஸ் விற்க வேண்டும் என்று ஊக்கம் தரப்பட்டது. அந்த அலையில் மேலே வந்ததுதான் 'குவாய்தியாவ் பட் தாய்', தாய் முறையில் வதக்கிய நூடுல்ஸ். தமிழில் எழுதும்போது பெயரிலேயே ஒரு தாய் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். உண்மையில் இந்தப் பண்டத்தைப் பெற்ற தாய் யார்? பிபூனின் மகன் நித்ய பிபூன்சொங்க்ராம், பிற்பாடு வெளியுறவு அமைச்சராக இருந்தவர், பிரசாரம் தொடங்குவதற்கு முன்பே தங்கள் வீட்டில் இதைச் செய்வதுண்டு என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையானால், கரண்டி பிடித்தவர் அந்த வீட்டு அடுப்படியில் நின்ற ஒரு பெண்ணாக இருந்திருக்கலாம். ஆணைகளுக்கு நாள், கிழமை, எண் எல்லாம் இருக்கிறது. அவருக்குப் பெயர்கூட ஏட்டில் இல்லை.

பாங்காக்கில் ஒரு வண்டியருகே ஐந்து நிமிடம் நின்றால் போதும், இந்தப் பூர்வோத்தரம் முழுவதையும் சட்டியிலேயே பார்த்துவிடலாம். அகலமான இரும்புச் சட்டி. எண்ணெய் காய்ந்ததும் சின்ன வெங்காயமும் பூண்டும். அப்புறம் 'சாய் போ', உப்பில் ஊறிய முள்ளங்கி, பொடியாக நறுக்கியது. விரல் கனத்துக்கு வெட்டிய கெட்டி டோஃபு. இதுவரை சீனம். காய்ந்த இறால் விழுந்ததும் வாசனை மாறுகிறது. ஊறவைத்த அரிசி நூடுல்ஸை அள்ளிப் போடுகிறார்கள். சந்தபுரி மாகாணத்தின் பெயரால் 'சென் சன்' என்று அழைக்கப்படும் ரகம் அது; ஒல்லி, சட்டென்று குழையாது. அதன் மேல் ஒரு கரண்டி சாறு. புளிக்கரைசல், பனைவெல்லம், மீன்சாறு மூன்றையும் காய்ச்சி வைத்தது. சட்டியில் சுர்ரென்று ஆவி எழும்புகிறபோது நம்மூர் மூக்குக்குப் பாதி அடையாளம் தெரிந்துவிடும். புளியும் வெல்லமும் சேர்ந்து காய்கிற வாசனையை நாம் எங்கேயும் கண்டுபிடிப்போம். கூடவே வரும் மீன்சாறுதான் இது வேறு ஊர் என்று ஞாபகப்படுத்துகிறது.

நூடுல்ஸை ஓரம் தள்ளி, வெறும் இடத்தில் ஒரு முட்டையை உடைத்து, அது பாதி வெந்ததும் கிளறிவிடுகிறார்கள். முளைப்பயறும் பூண்டுத்தாளும் கடைசியில், வாடக் கூடாது. தட்டில் ஓரமாக எலுமிச்சைத் துண்டு, பொடித்த வேர்க்கடலை, மிளகாய்த்தூள், பச்சையாக இன்னும் கொஞ்சம் முளைப்பயறு. பல இடங்களில் ஒரு கீற்று வாழைப்பூவும் உண்டு, பச்சையாகவே. மடல் மடலாக உரித்து, பூப்பூவாகக் கள்ளன் எடுத்து, மோரில் போட்டு மல்லுக்கட்டுகிற நமக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் ஆற்றாமையாக இருக்கும். அங்கே கடித்துக்கொண்டு அடுத்த வாய்க்குப் போய்விடுகிறார்கள்.

தொழில்நுட்பம் சீனத்துடையது, புளிப்பும் இனிப்பும் தாய்லாந்துடையது, வேர்க்கடலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை, புளிய மரத்துக்கோ பூர்வீகம் ஆப்பிரிக்கா. இதைத்தான் தேசிய உணவு என்றார்கள். எனக்கு இதில் ஏளனம் ஒன்றும் இல்லை. தேசிய உணவு என்று யார் எதைச் சொன்னாலும் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும். தாய்லாந்து விஷயத்தில் தேதி அண்மையில் இருப்பதால் தையல் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

அரசாங்கம் கரண்டியைக் கையில் எடுத்தது அதோடு நிற்கவுமில்லை. 2002-ல் வெளிநாடுகளில் தாய் உணவகங்களைப் பெருக்குவதற்கென்றே ஒரு திட்டம் போட்டார்கள். பட் தாய் அதில் முன்வரிசையில் போனது. போன இடத்தில் சில சமையல்காரர்கள் புளிக்குப் பதிலாகத் தக்காளிக் கெச்சப்பை ஊற்றினார்கள். அந்தத் தட்டின் சிவப்பு நிறத்தைப் பற்றி நான் வேறெதுவும் சொல்லப்போவதில்லை.

பிபூன் 1944-ல் பதவி இழந்தார். தொப்பி உத்தரவு அவரோடு போயிற்று. 1948-ல் திரும்ப வந்தார். 1957-ல் ராணுவப் புரட்சியில் இன்னொரு தளபதி அவரைக் கவிழ்த்தார். காரில் கம்போடியாவுக்குத் தப்பி, அங்கிருந்து ஜப்பான் போய், 1964-ல் அங்கேயே இறந்தார். நூடுல்ஸ் வண்டிகளை அதற்குள் யாரும் நிறுத்த முடியாத நிலை வந்துவிட்டது.

பாங்காக்கின் மகாச்சாய் சாலையில் ஒரு வட்டாரத்துக்குப் பிரத்து பீ, 'பேய் வாசல்' என்று பெயர். பழைய நகரத்துக்குள் யாராவது இறந்தால் இந்த வாசல் வழியாகத்தான் சடலத்தை வெளியே வாட் சகேத் கோயிலுக்கு எரிக்கக் கொண்டுபோவார்கள். 1966-லிருந்து அங்கே திப்சமாய் என்ற கடை நடக்கிறது. விற்பது பட் தாய். கரி அடுப்பில் வதக்கிய நூடுல்ஸைக் காகிதம்போல் மெல்லிய முட்டை அடைக்குள் பொட்டலமாக மடித்துக் கொடுப்பது அந்தக் கடையின் கைவரிசை. சாயங்காலமானால் பேய் வாசல் பக்கம் நடைபாதையில் வரிசை நீள ஆரம்பித்துவிடும்.