எம்டனும் பிறை முகாமும்

சென்னையில் கும்மிடிப்பூண்டி வண்டிக்காகக் காத்து நிற்கும்போதெல்லாம் பழைய புத்தகக் கடை ஒன்றின் மீதே நாம் நிற்கிறோம் என்ற எண்ணம் நம்மை விட்டு அகல்வதில்லை. அது வெறுங் கற்பனையன்று. புறநகர் வண்டிகள் புறப்படும் நிலையத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர். மாநகராட்சித் தலைவராயிருந்த ஜார்ஜ் மூரின் பெயர் தாங்கி, 1900ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்தச் செங்கற் கட்டடம் 1985 மே 30 அன்று தீக்கிரையாயிற்று. எத்தனை ஆயிரம் நூல்கள் அன்று சாம்பலாயின என்பதை யார் கணக்கிட்டுச் சொல்ல முடியும்? எஞ்சிய வணிகர்கள் பக்கத்திலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு இடம் பெயர்ந்தார்கள். புத்தகங்கள் குவிந்து கிடந்த மண்ணில் தண்டவாளங்கள் படிந்தன.

தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நமக்கு விடுமுறை நாள் என்றால் ரயிலேறிச் சென்று பழைய புத்தகம் தேடுவதே வழக்கம். அவற்றுள்ளும் ஜெர்மனியைப் பற்றியும் இரு உலகப் போர்களைப் பற்றியும் வந்த நூல்களே நம் அலமாரியில் மிகுதி. ‘சிப்காட் வேலைக்காரருக்கு ஜெர்மன் யுத்தத்தோடு என்ன உறவு?’ என்று கேட்காத நண்பர் இல்லை. உறவு நம் பாட்டியார் வாயிலிருந்து தொடங்கிற்று. அடங்காத பிள்ளையை அவர் ‘சரியான எம்டன்’ என்பார். எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதை நாம் அறிந்ததே ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டியபோதுதான்.

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பது மணிக்கு மேல், கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் எம்டன் சென்னைக் கடலுக்கு வந்து நின்றது. அதன் பீரங்கிகள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. துறைமுகத்தையடுத்திருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அடுத்த நாட்களில் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். உயர்நீதிமன்றச் சுற்றுச் சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அக்டோபர் 28இல் அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. நம்மவர் பலர் பிழைக்கச் சென்ற பினாங்குதான் அது. நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை அழித்தது. கப்பல் போயிற்று, சொல் மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை உடைப்பதற்காக ஹெல்முத் ஃபான் மூக்கே என்ற அதிகாரியும் சுமார் ஐம்பது மாலுமிகளும் முன்பே கரையிறங்கியிருந்தனர். கப்பலை இழந்த அவர்கள் அங்கே நின்ற பாய்மரக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றினர். அதன் பெயர் ஆயிஷா! அதிலேறிச் சுமத்திராவின் பாடாங்கை அடைந்து, பின்னர் வேறொரு கப்பலில் ஏமன் நாட்டு ஹுதைதாவில் இறங்கினர். ஜித்தாவுக்கு அருகே பாலைவனத்தில் அரபுக் கூட்டத்தாரோடு சண்டையிட்டு, அல்உலாவில் ஹிஜாஸ் ரயிலைப் பிடித்து, 1915 மே மாதத்தில் இஸ்தான்பூல் சேர்ந்தனர். மூக்கே இதனை ஜெர்மானிய மொழியில் நூலாக எழுதினார். ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது. ஜித்தா, ஹிஜாஸ் என்ற பெயர்கள் ஒரு ஜெர்மானியன் எழுத்தில் வரக்கண்டு இளமையில் நாம் அடைந்த பூரிப்புக்கு அளவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அக்காலத்தில் நம் மனம் ஜெர்மனியின் பக்கமே சாய்ந்திருந்தது. நம்மை ஆண்ட ஆங்கிலேயனை எதிர்த்தவன் எவனாயினும் நமக்கு நண்பன் என்ற எளிய கணக்குதான் காரணம். கைசர் வில்லியம் 1898இல் திமிஷ்குக்கு வந்து, மாவீரர் ஸலாஹுத்தீன் அய்யூபியின் அடக்கத்தலத்தில் பொன் முலாம் பூசிய மலர்வளையம் வைத்ததையும், உலக முஸ்லிம்களுக்குத் தாம் என்றும் நண்பர் என்று அறிவித்ததையும் படித்து உருகிப்போனவர்கள் நாம். அந்த மலர்வளையம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? 1918இல் திமிஷ்கு வீழ்ந்தபோது ஆங்கிலேய அதிகாரி லாரன்ஸ் அதைக் கழற்றிச் சென்றார். லண்டன் போர் அருங்காட்சியகத்தில் அது காட்சிப்பொருளாக இருக்கிறது. ஒரு வல்லரசு சூட்டியதை இன்னொரு வல்லரசு கழற்றிக்கொண்டது. சூட்டியபோதும் கழற்றியபோதும் அந்த மண்ணின் மக்களை யாரும் கேட்கவில்லை.

கைசரின் நட்பு எத்தகையது என்பதை நமக்கு உணர்த்தியது பிறை முகாமின் வரலாறு. பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் என்னும் ஊரில், பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளிலிருந்து சிறைபிடிக்கப்பட்ட முஸ்லிம் வீரர்களுக்காக ஜெர்மானியர் ஒரு தனி முகாம் அமைத்தனர். இந்திய ஹிந்துக்களும் சீக்கியரும்கூட அங்கே வைக்கப்பட்டனர். 1915 ஜூலையில், ரமலான் தொடக்கத்தில், மரத்தாலான பள்ளிவாசல் ஒன்று அங்கே திறக்கப்பட்டது. ஜெர்மானிய மண்ணில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட முதற் பள்ளிவாசல் அதுவே. கேட்கும்போது நெஞ்சம் குளிர்கிறதல்லவா? ஆனால் அதன் நோக்கம், கைதிகளை மனமாற்றித் துருக்கிப் படையில் சேர்த்து ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் எதிராகப் போரிடச் செய்வதே. தொழ இடம் கொடுத்தவர்கள் வீடு திரும்ப வழி கொடுக்கவில்லை. போர் முடிந்தது, பள்ளிவாசலின் தேவையும் முடிந்தது. சில ஆண்டுகளில் அது பழுதுற்று, பின் இடிக்கப்பட்டது.

அம்முகாமிலே மாண்ட இந்தியர் இருநூற்றுவருக்கு மேற்பட்டோர் அருகிலுள்ள ஸேரன்ஸ்டார்ஃப் இடுகாட்டில் உறங்குகின்றனர். ஜெர்மானிய அறிஞர்கள் கைதிகளின் பேச்சையும் பாட்டையும் ஒலித்தட்டுகளில் பதிவு செய்தனர். அவை பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மால் சிங் என்ற பஞ்சாபி வீரர் 1916 டிசம்பரில் பேசிய பதிவு அவற்றுள் ஒன்று. ஊரில் நெய்யுண்டு வாழ்ந்த ஒருவன் ஐரோப்பியப் போருக்கு வந்து ஜெர்மானியரிடம் சிக்கிக்கொண்டான் என்று, தம் கதையையே யாரோ ஒருவரின் கதைபோல் அவர் சொல்கிறார். கைசரின் மலர்வளையத்தை விவரித்த நூல்கள் நம் அலமாரியில் பல உண்டு. மால் சிங்கின் பெயரோ அவற்றில் ஒன்றிலும் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்கும் இது பொருந்தும். ஹிட்லரின் ‘மெயின் காம்ஃப்’ நம் நாட்டு நடைபாதைகளில் மலிவுப் பதிப்பாக விற்கப்படுவதை நாம் காண்கிறோம். உறுதிமிக்க தலைவன் என்றெண்ணி வாங்கும் இளைஞரும் உளர். அந்நூலிலேயே அவர், இந்தியா வேறெவர் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் கையில் இருப்பதே தமக்கு விருப்பம் என்று எழுதியிருப்பதை அவர்கள் படித்ததுண்டா? படித்திராவிட்டால் நூர் இனாயத் கானின் வரலாற்றையேனும் படிக்கட்டும். 1799இல் ஆங்கிலேயரோடு பொருது ஷஹீதான திப்பு சுல்தானின் வழிவந்த அப்பெண்மணி, அதே ஆங்கிலேயரின் உளவுப் பிரிவில் சேர்ந்து, 1943இல் நாஜிகள் பிடியிலிருந்த பிரான்சுக்குள் சென்று இரகசிய வானொலி இயக்கினார். பிடிபட்டு, சித்திரவதையுற்றும் தோழர்களைக் காட்டிக் கொடுக்காமல், 1944 செப்டம்பர் 13இல் டாகாவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். பகைவனின் பகைவன் நண்பன் என்ற நம் பழைய கணக்கு அந்த அம்மையாரின் முன் பொய்த்துப்போயிற்று. யார் யாரை எதிர்த்தார் என்று பார்த்தால் போதாது. யார் அநீதி செய்தார், அதில் யார் அழிந்தார் என்றும் பார்த்தல் வேண்டும். பகைவரிடத்தும் நீதி வழுவலாகாது என்று கற்பிக்கப்பட்ட நாம் இதை ஜெர்மானிய வரலாற்றில் போய்க் கற்கவேண்டியிருந்தது!

ஆகவே இப்போது நாம் புத்தகம் வாங்கும் முறையே மாறிவிட்டது. முதற்பக்கத்தைத் திருப்பி, எழுதியவர் யார், எந்த ஆண்டில், எந்த நாட்டில் அச்சிட்டார் என்று பார்க்கிறோம். போர் நடக்கும்போதே வந்த நூலாயின் அது தன் கட்சியின் குரல் என்று கொள்கிறோம். வென்றவர் நூலொன்று வாங்கினால் தோற்றவர் நூலொன்றும் தேடுகிறோம். இரண்டிலும் காணாத கைதிகளையும் கூலிகளையும் மாலுமிகளையும் மூன்றாவதாகத் தேடுகிறோம்.

அந்த மூன்றாவது நூல் பெரும்பாலும் கடையில் கிடைப்பதில்லை. அது நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கக்கூடும். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பாட்டனார் எழுதிய கடிதங்கள், கப்பல் சீட்டுகள், கணக்கு நோட்டுகள் ஆகியன எம்டன் வந்த காலத்தையும் ஜப்பானியர் வந்த காலத்தையும் கண்டவை. மௌத்தானவரின் காகிதங்களை நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த கையோடு எடைக்குப் போடும் வழக்கம் நம் குடும்பங்களில் இல்லையென்று யார் சொல்வார்?

வூன்ஸ்டார்ஃப் ஊரைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. பிறை முகாமுக்குப் பின் ஹிட்லரின் படைத் தலைமையகமும், 1994 வரை சோவியத் படைத் தலைமையகமும் இருந்த அவ்வூர், 1998இல் புத்தக ஊராக ஆக்கப்பட்டது. படைவீரர் நடமாடிய கட்டடங்களில் பழைய புத்தகக் கடைகள் திறக்கப்பட்டன. நம் மூர் மார்க்கெட்டிலோ புத்தகங்கள் எரிந்த இடத்தில் ரயில்கள் ஓடுகின்றன. அதை நாம் மாற்ற இயலாது. ஆனால் கும்மிடிப்பூண்டி வண்டியில் மடியில் ஒரு பழைய புத்தகத்தோடு வீடு திரும்பவும், வீட்டிலுள்ள பழைய கடிதக் கட்டை எடைக்குப் போடாமல் காக்கவும் நம்மால் இயலும். அதையேனும் செய்வோமாக.