ஊருக்கு வந்த நாடகமும் பள்ளிக்குள் வந்த பயிற்சியும்



நாடக வரலாறு என்றதும் எழுதியவர் யார், நெறிப்படுத்தியவர் யார், முதலில் மேடையேறிய ஆண்டு எது என்பவற்றையே நாம் பெரும்பாலும் கேட்கிறோம். அந்த நாடகத்தால் அதைப் பார்த்த பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது மிகக் குறைவு. முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த அந்தப் பாடசாலைப் பிள்ளையின் பக்கத்தில் நின்று, நமது நாடகக் கதையை இன்று சற்று நோக்குவோம்.

இதற்கு எங்கள் அச்சுவேலி பொருத்தமான இடம். யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியில், வலிகாமத்தின் கிழக்கு ஓரத்தில், வல்லை வெளிக்கு முன்பாக வரும் சந்தி இது. புகையிலையும் வெங்காயமும் வாழையும் விளையும் தோட்டப் பூமி. உள்ளூரில் கலைஞர் இல்லாமல் இல்லை. ஆயினும் பேர்பெற்ற நாடகங்கள் எங்களுக்கு விருந்தாளிகள்தான். மாலையில் வருவர், விடியுமுன் போய்விடுவர்.

அந்த விருந்தாளிகளில் தலையாயவர் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989). அவருடைய வசந்த கான சபா கோயில் திருவிழாக்கள் தோறும் இசை நாடகங்களை ஆடியது. மயான காண்டத்தில் அவர் அரிச்சந்திரனாக வந்து பாடியதைக் கேட்டவர்கள், இன்றும் அந்தக் குரலைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் பாதித் தூக்கத்தோடு பார்த்த சிறுவரும் பாட்டுகளை மனனம் செய்துகொண்டார்கள். ஒரு பெரும் கதையும் நல்ல தமிழும் அவர்களுக்குக் கிடைத்தன. ஆனால் பிள்ளையின் வேலை பார்ப்பதும் கேட்பதும்தான். மேடை வேறு, பாய் வேறு.

இரண்டாவது மாற்றம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 1956 ஆம் ஆண்டில் பேராசிரியர் சரச்சந்திர 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். மரபிலிருந்து ஒரு நவீன அரங்கு பிறக்கலாம் என்பதை அது காட்டிற்று. தமிழில் அந்தப் பணியைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேற்கொண்டார். மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்து, மாணவரைக் கொண்டு 1962 இல் 'கர்ணன் போர்' கூத்தை ஆடச் செய்தார். 1964 இல் 'இராவணேசன்' வந்தது. விடிய விடிய ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்கியது. அக்கூத்துகள் யாழ்ப்பாணத்துக்கும் வந்தன. படித்த பிள்ளைகள் கூத்தாடுவதா என்று முகஞ்சுளித்த பெற்றோர், பட்டதாரிகளே ஆடுவதைக் கண்டு வாயடைத்துப் போயினர். பாடசாலைகளிலும் நாடகப் போட்டிகள் வளர்ந்தன. பாயிலிருந்த பிள்ளை மேடைக்கு ஏறியது. எனினும் பெரியவர் எழுதியதை மனனம் செய்து, பெரியவர் காட்டியபடி கையை நீட்டி, பரிசு பெற்று இறங்குவதோடு அதன் பங்கு முடிந்தது.

மூன்றாவது மாற்றமே இங்கு நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. 1978 ஆம் ஆண்டில் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கினார். அவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமா பயின்றவர், தொழிலால் ஆசிரியர். அ. தாசீசியஸ் போன்றோரும் அவரோடு கைகோத்தனர். அவர்கள் நாடகம் போடுவதோடு நிற்கவில்லை. நடிகனைப் பயிற்றுவது எப்படி என்ற கேள்வியையும் எழுப்பினர். 'கூடி விளையாடு பாப்பா' போன்ற சிறுவர் நாடகங்கள் பிறந்தது இந்தச் சூழலில்தான். களப்பயிற்சி என்ற சொல்லும் எங்கள் பள்ளிகளில் வழக்குக்கு வந்தது.

உலகிலும் இதையொத்த அசைவு இருந்தது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் பெல்கிரேட் தியேட்டர் 1965 இல் ஒரு குழுவைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. நாடகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பாமல், அந்த நாடகத்தின் சிக்கலைப் பிள்ளைகளே அலசித் தீர்க்கும்படி செய்தது. கல்வியியல் அரங்கு என்று நாம் சொல்வதன் தொடக்கம் அது. பிரேசிலில் அகஸ்தோ போல், பார்வையாளனே எழுந்து வந்து நடிக்கும் ஒடுக்கப்பட்டோர் அரங்கை உருவாக்கினார். ஆனால் கவன்ட்ரியில் இல்லாத ஒன்று எங்களிடம் இருந்தது. அதுதான் போர்.

1985 இல் சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' யாழ். பல்கலைக்கழக மாணவர்களால் ஆற்றுகை செய்யப்பட்டு, ஊரூராகச் சென்றது. காட்சித் திரையும் மாளிகை ஜோடனையும் இல்லாமல், உடலையும் குரலையும் கொண்டே ஊரின் துயரைப் பேசிய நாடகம். என் தலைமுறை அதைப் பார்த்ததில்லை. மூத்தோர் சொல்லக் கேட்டதுதான். 1991 இல் அவருடைய 'அன்னை இட்ட தீ' போர் மனத்தில் உண்டாக்கும் வடுவைப் பொருளாகக் கொண்டது. உடைந்த வீட்டை எண்ணிக் கணக்கெடுத்த காலத்தில், உடைந்த மனத்தையும் கணக்கெடுக்கவேண்டும் என்று சொன்னது அரங்கு.

தொண்ணூறுகளில் நான் மாணவன். 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலி கேட்டோம். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் தோட்டத்து நீரிறைக்கும் மெசின்கள் ஓய்ந்து கிடந்தன. அந்நாளில் ஒருமுறை எங்கள் பகுதிப் பாடசாலைக்கு ஒரு குழுவினர் வந்தனர். காலையில் நாடகம் ஆடினர். பின்னேரம் எங்களை வட்டமாக நிறுத்தினர். ஒருவர் செய்வதை மற்றவர் கண்ணாடிபோல் செய்வது, கண்ணை மூடியவனைக் கைபிடித்து நடத்துவது, ஊரில் கேட்ட ஓர் ஒலியைச் செய்து காட்டுவது என விளையாட்டுகள். எங்கள் வகுப்பில் ஒரு பையன் ஷெல்லடியில் வீடிழந்த பின் வாய் திறந்து வாசிப்பதில்லை. ஆசிரியர் அதட்டியும் பயனில்லை. ஒலி செய்யும் முறை அவனுக்கு வந்தது. எல்லோரும் ஹெலியையும் ஷெல்லையும் செய்துகொண்டிருக்க, அவன் நீரிறைக்கும் மெசின் இயங்கத் தொடங்கும் ஒலியைச் செய்தான். முதலில் திக்கித் திணறி, பின் சீராக. வட்டம் முழுவதும் வாய்க்காலாகி ஓடியது. அதனால் அவன் பேச்சாளனாகிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். மறுவாரம் வகுப்பில் எழுந்து இரண்டு வரி வாசித்தான். அவ்வளவுதான். அந்த இரண்டு வரியின் பெறுமதி ஆசிரியனான பிறகே எனக்கு விளங்கிற்று.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. பிள்ளைகளும் பயிற்றியவர்களும் திக்குத் திக்காகச் சிதறினர். ஆயினும் அந்த மரபு அற்றுப்போகவில்லை. வண. நீ. மரிய சேவியர் அடிகள் 1965 இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் பயிற்சிகளைத் தொடர்ந்து நடத்தியது. செயல் திறன் அரங்க இயக்கத்தினர் சிறுவர் நாடகங்களைப் பாடசாலைகளுக்கு எடுத்துச் சென்றனர். மேடையும் மின்சாரமும் தேவைப்படாத கலை என்பதால்தான் அது பிழைத்தது. வட்டமாக நிற்க ஒரு மரநிழல் போதும்.

இன்று நாடகமும் அரங்கியலும் பரீட்சைப் பாடம். இது பெரும் பேறு. முன்னோடிகளின் உழைப்புக்குக் கிடைத்த மதிப்பு. ஆனால் ஓர் அபாயமும் உடன் வந்திருக்கிறது. அரங்க விளையாட்டு என்றால் என்ன, அதன் பயன்கள் ஐந்து தருக என்ற வினாவுக்கு அழகாக விடை எழுதும் பிள்ளைகளைக் காண்கிறேன். எத்தனை விளையாட்டு விளையாடினாய் என்று கேட்டால் தலையைக் குனிகிறார்கள். குறிப்புக் கொப்பியில் வட்டம் கீறியிருக்கிறது. முற்றத்தில் வட்டம் இல்லை. நாடகம் பார்க்கப் பிள்ளைகளை பஸ் பிடித்து ஏற்றிச் செல்கிறோம். முடிந்ததும் கைதட்டிவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடுகிறோம். அறியாமலே பிள்ளையை மீண்டும் பாயில் கொண்டுபோய் இருத்திவிட்டோம்.

நாடகம் ஒரு பாடசாலைக்கு வந்தால், அதற்குப் பின்னால் குறைந்தது ஒரு பின்னேரமாவது பயிற்சிக்கு ஒதுக்கப்படவேண்டும். அதிபர்மார் இதை நேரசூசியில் சேர்க்க மனம் வைத்தால் போதும். பெரும் செலவு ஏதுமில்லை. தமிழ் ஆசிரியர்களாகிய நாமும் இது நாடக ஆசிரியரின் வேலை என்று ஒதுங்கத் தேவையில்லை. வாசிக்கத் தயங்கும் பிள்ளை நம் வகுப்பில்தானே இருக்கிறது?

போர் முடிந்தது 2009 இல். வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகள் அந்த ஆண்டோடு முடிந்துவிடவில்லை. காரணங்கள் மாறியிருக்கின்றன; மௌனம் மாறவில்லை. அந்த மௌனத்தைக் கலைக்கும் வழி ஒன்றை, கையில் ஒன்றுமில்லாத காலத்தில் நம்மவர் கண்டுபிடித்து வைத்தார்கள். எல்லாம் இருக்கும் காலத்தில் அதைக் கைவிட நமக்கு உரிமையில்லை.