கலாசாரச் சமூகவியலும் திருப்பூர்ப் பிரதேசமும்

கலாசாரம் என்பது கோயிலும் கூத்தும் சங்கீதமும் மட்டுமாகாது. ஒரு ஜனசமூகம் உழைப்பதற்கும், சேமிப்பதற்கும், ஒருவரையொருவர் நம்புவதற்கும் வழிவழியாகக் கைக்கொண்டு வரும் முறைகளையும் அது தன்னுள் அடக்கியதாகும். இவ்வாறு கருதும் சமூகவியலாளர்க்கு, நொய்யலாற்றங்கரையில் பனியன் தொழிலால் பெருகிய திருப்பூரும் அதனைச் சூழ்ந்த காங்கயம், பல்லடம், அவிநாசி வட்டாரங்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சிறந்த ஆராய்ச்சிக் களமாக விளங்கி வருகின்றன.

இவ்வாராய்ச்சிகளுக்கு அஸ்திவாரமாக அமைந்தது பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞரின் பணி. அவர் 1964 முதல் 1966 வரை காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்து, 1972-ல் வெளியிட்ட நூல், கொங்கு நாடு, காங்கய நாடு, கண்ணபுரம் கிராமம், ஓலப்பாளையம் என்னும் ஊர், அவ்வூரில் ஒரு வீடு எனப் பெரியதிலிருந்து சிறியதற்குப் படிப்படியாக இறங்கிச் செல்லும் அமைப்புடையது. ஒவ்வொரு படியிலும் வலங்கை, இடங்கை என்னும் பழைய பாகுபாடு எவ்வாறு புலப்படுகிறது என்பதே நூலின் விசாரணை. நிலத்தோடு பிணைந்த கவுண்டர்களும் அவர்களைச் சார்ந்த குடிகளும் வலங்கையினர். ஆசாரியார், கோமுட்டிச் செட்டியார், கைக்கோள முதலியார் முதலாகக் கைத்தொழிலையும் வாணிகத்தையும் பற்றி வாழ்ந்தோர் இடங்கையினர். வலங்கையின் மேல்நிலையினர் தம் கௌரவத்தைக் காணியிலும் நாட்டுரிமையிலும் கண்டனர். இடங்கையின் மேல்நிலையினரோ ஆசார சுத்தியிலும் சாஸ்திர சம்மதமான ஒழுக்கத்திலும் அதனைத் தேடினர். படிநிலையில் கீழிறங்க இறங்க இவ்வேற்றுமை மங்கிவிடும். 1952-ல் எம். என். சீனிவாஸ், கீழ்நிலைச் சாதியார் மேல்நிலையாரின் ஆசாரங்களை மேற்கொண்டு உயர முயல்வதைச் 'சமஸ்கிருதமயமாதல்' என்று பெயரிட்டு விளக்கியிருந்தார். கௌரவத்திற்கு அஃதொன்றே வழியன்று, மண்ணை ஆண்டும் அதனைப் பெறலாம் என்பதைக் கொங்கு நாட்டுச் சான்றுகள் தெளிவாக்கின. 1965-ல் உடுக்கைப் பாட்டாகப் பாடப்பெற்ற அண்ணன்மார் சுவாமி கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தவரும் பெக்கே. பாடுவோர் அருகிவரும் இந்நாளில் இதனை ஒரு பேருபகாரமாகவே கருதவேண்டும்.

பனியன் தொழிலின் கலாசாரத்தை நேராக எடுத்துக்கொண்டவர் சரத் சாரி என்னும் ஆய்வாளர். அவருடைய நூல் 2004-ல் வெளிவந்தது. கலாசாரத்திற்கும் தொழிலுக்கும் உள்ள உறவை அவருக்கு முன்பே ஆராய்ந்தோர் உண்டு. 1904-05-ல் மாக்ஸ் வெபர், மேலைநாட்டு முதலாளித்துவத்தின் உந்துசக்தியைப் புராட்டஸ்டன்ட் சமய ஒழுக்கத்தில் தேடினார். 1972-ல் மில்டன் சிங்கர், சென்னைத் தொழிலதிபர்கள் இல்லத்தின் ஆசாரத்தையும் ஆலையின் அலுவலையும் தனித்தனி அறைகளாகப் பிரித்து வைத்து வாழ்வதை எடுத்துக்காட்டினார். திருப்பூரிலோ அத்தகைய சுவர் காணப்படவில்லை. எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று சாரி வினவியபோது, ஒருகாலத்தில் தாமே தொழிலாளராயிருந்த கவுண்டர் முதலாளிகள் பலரும் 'உழைப்பு' என்னும் ஒரே சொல்லையே விடையாகத் தந்தனர். தோட்டத்திலும் மேட்டாங்காட்டிலும் ஆட்களோடு தாமும் இறங்கி வேலை செய்து, அதனாலேயே அவர்களிடம் வேலை வாங்கிய சிறு பண்ணையத்தின் பழக்கம், கட்டிங் மேஜைக்கும் ஓவர்லாக் மெஷினுக்கும் இடம் பெயர்ந்தது என்பது அவர் கண்ட முடிவு. கட்டிங் மாஸ்டராயிருந்தவர் பங்காளியோடோ மச்சானோடோ கூட்டுச் சேர்ந்து, சில மெஷின்களைப் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்துக் கம்பெனிக்காரர் ஆவதைச் 'சகோதர மூலதனம்' என்று அவர் அழைத்தார்.

அந்த உழைப்பு மெய்யானது. ஆனால் உழைத்தவர் எல்லார்க்கும் அது மூலதனமாகவில்லை. தலித் மக்களுக்கும் பெண்களுக்கும் அந்தச் சகோதரத்துவத்தில் இடமிருக்கவில்லை. அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி ஆகிய பொருளாதார நிபுணர்கள் 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, கவுண்டர் கம்பெனிகள் வெளியாரின் கம்பெனிகளைவிட மிகுந்த மூலதனத்தோடு தொடங்கியதையும், வெளியாரின் உற்பத்தியே விரைந்து வளர்ந்ததையும் காட்டிற்று. வட்டியில் மட்டுமன்றி உறவிலும் கடனின் விலை தங்கியிருந்தது என்பதே இதற்குப் பொருள். 1984-ல் பஞ்சப்படி கோரி நிகழ்ந்த நெடிய வேலைநிறுத்தத்திற்குப் பின் ஏற்றுமதியும் ஜாப் ஒர்க்கும் பரவ, பெண் தொழிலாளர் பெருந்தொகையினராயினர். ஆயினும் 'உழைத்து முன்னுக்கு வந்தவன்' என்னும் வரலாறு ஆண்களுடையதாகவே நின்றுவிட்டது.

கீர்ட் டி நெவ், கிரேஸ் கார்ஸ்வெல் ஆகிய ஆய்வாளர்கள் திருப்பூரின் சுற்றுக் கிராமங்களில் செய்த ஆய்வுகள், விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் வாங்கிய தலித் தொழிலாளர் அக்கடனாலேயே கட்டுண்டு கிடப்பதையும், பனியன் கம்பெனிகளுக்குச் சென்று வருவோர் அதைவிடச் சுதந்திரம் பெறுவதையும் பதிவு செய்கின்றன. இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாநிலத்தாரும் இங்கு ஒன்றரை ஷிப்டு வேலை செய்து வருகின்றனர்.