சுயமரியாதைத் திருமணச் சட்டமும் தன்பாலினத் திருமண வழக்கும்: ஒரு வரலாற்று ஒப்பீடு

2023ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் 50 நாள் இடைவெளியில் திருமணம் குறித்து இரு தீர்ப்புகளை வழங்கியது. ஆகஸ்டு 28ஆம் நாள் வெளிவந்த இளவரசன் வழக்குத் தீர்ப்பு, தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணத்திற்கு ஊரறிந்த விழாவோ பொது அறிவிப்போ தேவையில்லை என்றது. இதற்கு மாறாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் கொண்டிருந்த கருத்தை விலக்கியது. அக்டோபர் 17ஆம் நாள் வெளிவந்த சுப்ரியோ வழக்குத் தீர்ப்பு, தன்பாலின இணையர் மணம்புரியும் உரிமையை ஏற்க மறுத்தது. முதல் தீர்ப்பை எழுதியவரும் இரண்டாவதில் பெரும்பான்மையோருக்கான முதன்மைத் தீர்ப்பை எழுதியவரும் ஒருவரே: நீதிபதி எஸ். ரவீந்திர பட். இவ்விரண்டையும் சட்ட அறிஞர்கள் பெரும்பாலும் தனித்தனியே பேசுகின்றனர். ஆயின், இரண்டாம் தீர்ப்பின் மையமான வாதம், அதாவது திருமணத்தின் வரையறையைச் சட்டமன்றமே மாற்ற வேண்டும், நீதிமன்றம் அன்று என்பது, முதல் தீர்ப்பின் பொருளான சுயமரியாதைத் திருமணத்தின் வரலாற்றில் ஏற்கெனவே ஒருமுறை ஒலித்ததாகும். அவ்வொலிப்பின் விளைவு என்ன என்பதையும், அது இன்றைய வழக்குக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1953உம் 1967உம்

புரோகிதரும் வடமொழி மந்திரமும் இல்லாத திருமணங்களைச் சுயமரியாதை இயக்கம் 1920களின் இறுதி முதல் நடத்தி வந்தது. அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் தலைமையில் நடந்த திருமணத்தை இயக்க வரலாறுகள் முதலாவதாகக் குறிக்கின்றன. கைம்பெண் மணமும் சாதி மறுப்பு மணமும் இம்முறையில் மிகுதியாக நடந்தன. ஊரார் ஏற்றனர், அழைப்பிதழ்கள் அச்சாயின, பிள்ளைகள் பிறந்தனர். சட்டத்தின் கண்ணில் மட்டும் அவை எதுவும் நிகழவில்லை.

இது வெளிப்படையானது சொத்து வழக்கொன்றில்தான். தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில், 1934இல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. சாத்திர முறைச் சடங்கு இல்லை. நெடுங்கால வழக்காறு என்று சொல்லவும் அதற்கு வயது போதவில்லை. ஒரு குழுவினர் தமக்கெனப் புதுமுறை ஒன்றை வகுத்துக்கொண்டதனால் அது சட்டமாகிவிடாது; மாற்றம் வேண்டின் சட்டமன்றமே செய்ய வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அன்றைய சட்ட நிலையில் இத்தருக்கத்தில் ஓட்டை காண்பது எளிதன்று. எனினும் திருமணம் செல்லாதெனில் மனைவியின் பங்கும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் உடன் வீழும். அறிந்தே மரபை மறுத்தவர்கள் மட்டுமன்றி, அம்மறுப்பில் பங்கில்லாத பிள்ளைகளும் அதன் விலையைக் கொடுக்க நேர்ந்தது.

1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா தலைமையிலான அரசு அவ்வாண்டிலேயே இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. திருமணம் பொதுப்பட்டியலில் உள்ளமையால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. முன்னர் நடந்த திருமணங்களுக்கும் அது பின்னோக்கிச் செல்லுபடித் தன்மை வழங்கியது. இப்பின்னோக்கு விதியே அச்சட்டத்தின் உயிர்நிலை. 40 ஆண்டுகளாக நிலவி வந்த ஒரு வாழ்வியல் உண்மையைச் சட்டம் தாமதமாக ஒப்புக்கொண்டது என்பதே அதன் பொருள்.

பிரிவின் சொற்கள்

7அ பிரிவு மூன்று வழிகளைத் தருகிறது. இணையர் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் அறிவிக்கலாம். அல்லது மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ கொள்ளலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றை இணைப்பது ‘அல்லது’ என்னும் சொல். ஆகவே தாலி கட்டாயம் அன்று. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலை போதும்; தலைமை தாங்குபவர் என ஒருவர் வேண்டியதில்லை.

கூர்ந்து படித்தால் மற்றொன்று தெரிகிறது. மாலை மாற்றுதலையும் தாலி கட்டுதலையும் கூறும் இரு கூறுகளிலும் ஆண், பெண் என்னும் குறிப்பே இல்லை; ‘ஒருவர்’, ‘மற்றவர்’ என்னும் பொருளிலேயே அவை அமைந்துள்ளன. அறிவிப்பைக் கூறும் முதற்கூற்றில் மட்டும் மனைவி, கணவன் என்னும் சொற்கள் இடம்பெறுகின்றன. இயக்கத்தார் கையாண்ட ‘வாழ்க்கைத் துணை’, ‘வாழ்க்கை ஒப்பந்தம்’ ஆகிய தொடர்கள் பால் குறியாதவை என்பது இங்கு நினைக்கத்தக்கது. அதனால் சுயமரியாதை இயக்கத்தார் தன்பாலினத் திருமணத்தை எண்ணிப் பார்த்தனர் என்று கூறிவிட முடியாது, அது காலப்பிழை. அவர்கள் கேள்விக்குட்படுத்தியது சடங்கின் அதிகாரத்தையும் கணவனின் அதிகாரத்தையுமே. எனினும் இருவரின் ஒப்புதலே திருமணத்தின் சாரம் என்று சட்டமாக்கிய பின்னர், அவ்விருவர் யார் என்னும் வினா எழாமல் இராது.

இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் ‘இந்துக்கள் இருவர்’ என்றே தொடங்குகிறது. வயது கூறும் உட்பிரிவில்தான் மணமகனும் மணமகளும் வருகின்றனர். இச்சிறு இடைவெளியிலிருந்தே 2019ஆம் ஆண்டின் தூத்துக்குடி வழக்கு பிறந்தது. ஓர் ஆணும் திருநங்கை ஒருவரும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவுத்துறை பதிய மறுத்தது. மணமகள் என்னும் சொல்லின் பொருள் என்றென்றைக்கும் உறைந்து நிற்பதன்று, அது திருநங்கையையும் உள்ளடக்கும் என்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஏப்ரல் 22ஆம் நாள் தீர்ப்பளித்தார். 1953இல் சட்டமன்றத்தை நோக்கிக் கைகாட்டிய அதே உயர் நீதிமன்றம், இம்முறை சொற்பொருளைத் தானே விரித்துக்கொண்டது. ஆண், பெண் என்னும் இருமை அங்கு உடையவில்லை. பெண் யார் என்பதே விரிந்தது.

காத்திருப்பின் அளவு

சுப்ரியோ வழக்கின் விசாரணைத் தொடக்கத்திலேயே, மதவழித் தனிநபர் சட்டங்களுக்குள் செல்வதில்லை என்று அரசமைப்பு அமர்வு முடிவுசெய்தது. 7அ பிரிவு இந்து திருமணச் சட்டத்தின் பகுதியாதலால் அதுவும் வெளியே நின்றது. வாதம் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தைச் சுற்றியே நடந்தது. திருமணம் அடிப்படை உரிமை அன்று என்பதிலும், அச்சட்டத்தை நீதிமன்றம் மாற்றிப் படிக்க இயலாது என்பதிலும் ஐவரும் உடன்பட்டனர். திருமணம் அல்லாத இணைவாழ்வுக்குச் சட்ட ஏற்பு வழங்குவதிலும் குழந்தை தத்தெடுப்பிலும் மூவருக்கு இருவர் என்று பிரிந்தனர். எதிர்பாலின உறவிலுள்ள திருநர் நடப்புச் சட்டங்களின்கீழ் மணம்புரியலாம் என்று ஐவரும் ஒருமனதாகக் கூறியது, தூத்துக்குடித் தீர்ப்பின் நிலைக்கு வலுச்சேர்த்தது. மறுஆய்வு மனுக்கள் 2025 சனவரியில் தள்ளுபடியாயின.

1953ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் ஒற்றுமை கண்ணை ஈர்க்கும், வேற்றுமையே முதன்மையானது. ‘சட்டமன்றத்திடம் செல்க’ என்று 1953இல் கூறப்பட்டவர்கள் ஒரு வெகுமக்கள் இயக்கத்தின் பகுதியினர். அதன் வழிவந்த கட்சி 14 ஆண்டுகளில் ஆட்சியைப் பிடித்தது. அறிவுரை நிறைவேறக்கூடியதாக இருந்தது. தன்பாலீர்ப்பினர் எண்ணிக்கையில் சிறியவர்கள், ஊர்தோறும் சிதறியவர்கள், பலர் சொந்த வீட்டிலேயே தம்மை மறைத்துக்கொள்பவர்கள். 2018 செப்டம்பர் வரை அவர்களின் உறவே குற்றவியல் சட்டத்தின்கீழ் இருந்தது. இவர்களிடம் அதே அறிவுரையைக் கூறுவது சொல்லளவில் சமமாயினும் பயனளவில் சமமன்று. பெரும்பான்மையைத் திரட்ட இயலாதோருக்காகவே அடிப்படை உரிமைகள் என்னும் இயல் அரசமைப்பில் உள்ளது. 1953ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அரசமைப்பு நடைமுறைக்கு வந்து மூன்றே ஆண்டுகளில், பழைய இந்துச் சட்டத்தின் எல்லைக்குள் நின்று எழுதப்பட்டது. 2023இல் அந்த எல்லை இல்லை.

சுப்ரியோ தீர்ப்பின் தொடர்ச்சியாக அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைந்தது. 2024இல் ஒன்றிய அரசு, குடும்ப அட்டையில் இணையரை ஒரே குடும்பமாகக் கொள்ளலாம் என்றும், கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் இணையரை நியமனதாரராகக் குறிக்கவும் தடையில்லை என்றும் அறிவித்தது. இவை பயனுடையனவே, ஆனால் நிர்வாக அறிவிப்புகள், சட்டமல்ல. வாரிசுரிமை இவற்றுள் இல்லை.

2025 மே 22ஆம் நாள், பெற்றோர் வீட்டில் தடுத்துவைக்கப்பட்ட பெண்ணொருவரை மீட்க அவருடைய இணையரான மற்றொரு பெண் தொடுத்த ஆட்கொணர்வு மனுவில், நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. இலட்சுமிநாராயணன் அமர்வு தீர்ப்பளித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்னும் கருத்து நீதித்துறையில் நிலைபெற்றுவிட்டது என்றும் அவ்வமர்வு கூறியது. மீட்கப்பட்ட பெண் தம் விருப்பம்போல் செல்லலாம் என்று விடுவிக்கப்பட்டார். இனி அவ்விருவரும் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டால், 7அ பிரிவு கூறும் செயல் எழுத்துப்படி நிறைவேறியிருக்கும். பதிவாளர் அதைப் பதிவேட்டில் ஏற்க மாட்டார். அவர்களுள் ஒருவர் இறப்பின், மற்றவர் சட்டப்படி வாரிசாக மாட்டார். தெய்வானை ஆச்சி வழக்கு நடந்ததும் இத்தகைய வினாவின் மீதுதான்.