சோலார் வீட்டுக்கு பேட்டரி தேவையா? முதலில் கணக்குப் போடுங்கள்

மேரு, காப்பார் வட்டாரங்களில் கூரைக்கு சோலார் பலகை போட நினைக்கும் குடும்பங்களுக்கு எழும் கேள்வி இது: பேட்டரியும் சேர்த்து வாங்க வேண்டுமா? பல ஆயிரம் ரிங்கிட் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால், கையெழுத்திடும் முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

புத்ராஜெயா கட்டடம் காட்டும் வரிசை

புத்ராஜெயாவில் 2010-இல் கட்டி முடிக்கப்பட்ட எரிசக்தி ஆணையத்தின் தலைமையகம் வைர வடிவிலானது. கீழே குறுகி மேலே விரியும் அதன் சுவர்கள் 25 பாகை சாய்ந்திருப்பதால், மேல்மாடி கீழ்மாடிக்கு நிழல் தருகிறது. இரவில் கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடும். அந்தத் தளம் பகலில் அறைகளைக் குளிர வைக்கும். அதாவது, கான்கிரீட்டே குளிரைச் சேமிக்கும் பேட்டரி! சோலார் பலகைகளின் திறன் சுமார் 71 கிலோவாட் மட்டுமே.

முதலில் வெப்பத்தைத் தடுப்பது, பிறகு மின் பயன்பாட்டின் நேரத்தை மாற்றுவது, அதன் பிறகே சோலார். வீட்டுக்கும் இதே வரிசைதான். கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்பு விரிப்பு, மேற்குச் சன்னலுக்கு நிழல், 5 நட்சத்திர ஏர்கோன் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். சோலார் போட்ட பிறகு துணி துவைப்பது, இஸ்திரி போடுவது போன்ற வேலைகளைக் காலை 10 மணி முதல் மாலை 3 மணிக்குள் முடியுங்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென். மொத்தம் யூனிட்டுக்கு 44.43 சென். 200 யூனிட்டுக்குள் பயன்படுத்துவோருக்கு யூனிட்டுக்கு 25 சென் கழிவு கிடைப்பதால், அவர்களுக்கு சோலாரில் மிச்சமாவது குறைவு.

உபரி மின்சாரத்தை ஈடுக்கு ஈடு கழித்த பழைய என்இஎம் ராக்யாட் திட்டம் 2025 ஜூன் 30-உடன் முடிந்தது. 2026-இல் தொடங்கிய சோலார் அத்தாப் திட்டத்தில், உபரிக்கு எரிசக்திக் கட்டணமான 27.03 சென் மட்டுமே கிடைக்கும். மிஞ்சிய தொகை அடுத்த மாதத்துக்குச் செல்லாது. ஆகவே தேவைக்கு மீறிய பெரிய பலகைகளை வாங்காதீர்கள்.

பகலில் 5 யூனிட்டை பேட்டரியில் சேமித்தால், இழப்பு போக இரவில் சுமார் 4.5 யூனிட் கிடைக்கும். அதன் மதிப்பு ஏறக்குறைய 2 ரிங்கிட். அதே 5 யூனிட்டைத் தெனாகாவுக்கு அனுப்பினால் 1.35 ரிங்கிட். ஆக, பேட்டரியால் நாளுக்கு 65 சென், ஆண்டுக்குச் சுமார் 235 ரிங்கிட் மிச்சம். பேட்டரி 10,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்ப 40 ஆண்டுகளுக்கு மேலாகும்!

யாருக்கு பேட்டரி அவசியம்?

மின்தடை ஏற்பட்டால், பேட்டரி இல்லாத வழக்கமான சோலார், பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். எனவே வீட்டில் ஆக்சிஜன் கருவியோ, குளிர்பெட்டியில் இன்சுலினோ வைத்திருப்போருக்கு பேட்டரி காப்பீடு போன்றது. அவர்களும் முழு வீட்டுக்கும் போடாமல், அந்தக் கருவிகளுக்குப் போதுமான அளவில் வாங்கலாம்; மின்தடையின்போதும் இயங்கும் இணைப்பு அதில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் கடந்த 12 மாத பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, விற்பனையாளர் சொல்லும் விலையை ஆண்டு மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். விடை பேட்டரியின் உத்தரவாதக் காலத்தைத் தாண்டினால், இப்போதைக்கு பலகை மட்டும் போதும்.