கோயம்புத்தூரில் பாதிக் கோப்பை, மஞ்சேரியில் ஒரே ஒரு உதை

எங்க ஊர் நெய்க்காரப்பட்டியில இன்னைக்கும் சில பேர் என்னை 'போஸ்ட்டு'னுதான் கூப்பிடுறாங்க. பத்தாவது படிக்கும்போது ஒரு பொங்கல் டோர்னமென்ட் ஃபைனல்ல நான் அடிச்ச பெனால்டி கம்பத்துல பட்டு வெளிய போச்சு. தோத்தோம். அதே மேட்ச்ல நான் போட்ட கோல் யாருக்கும் ஞாபகம் இல்ல.

ஃபைனல் டிரா ஆனா என்ன பண்றதுங்கிறது பழைய சிக்கல். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலி, சோவியத் அணியைக் காசு சுண்டித்தான் தாண்டியது. அதே வருஷம் மெக்சிகோ ஒலிம்பிக்கில் இஸ்ரேல், பல்கேரியாவிடம் சீட்டுக் குலுக்கலில் வெளியேறியது. அந்தக் கோபத்தில் இஸ்ரேல் தரப்பு முன்வைத்த யோசனைதான், 1970-இல் விதியான பெனால்டி ஷூட் அவுட்.

விதி வந்தும் நம்ம ஊர்ல உடனே பிடிக்கல. 1978-இல் நமக்குப் பக்கத்துலயே, கோயம்புத்தூரில் ஃபெடரேஷன் கோப்பை நடந்தது. இறுதியில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால். முடிவு வரல, ரெண்டு பேரும் கூட்டுச் சாம்பியன். 1980-இல் கல்கத்தாவிலும் அதே ரெண்டு அணி, அதே முடிவு. யாரும் முழுசா ஜெயிக்கல. ஆனா தோத்தவன்னு காட்ட ஒரு ஆளும் இல்ல.

இப்போ 2022 மே 2, கேரளாவின் மஞ்சேரி. சந்தோஷ் டிராபி இறுதி. 32 முறை ஜெயிச்ச வங்காளம் 97-ஆவது நிமிஷம் கோல் போடுது. 116-ஆவது நிமிஷம் கேரளாவின் சஃப்னாத் சமன் செய்கிறார். 1-1. ஷூட் அவுட்டுக்காகவே வங்காளம் கோல்கீப்பரை மாத்துது. கேரளா அஞ்சையும் உள்ள போட்டது, வங்காளம் நாலு. 5-4. கேரளாவுக்கு ஏழாவது பட்டம்.

வித்தியாசம் ஒரே ஒரு உதை. அதைத் தவறவிட்ட பையன் பேரை நான் சொல்லப் போறதில்ல.

காசு சுண்டுறதுக்கு ஷூட் அவுட் எவ்வளவோ மேல்; ஆடுறவன் கால்தான் முடிவு சொல்லுது. ஆனா பதினோரு பேர் தோல்வியை அது ஒருத்தன் தலையில ஏத்தி வைக்குது. அந்த 120 நிமிஷத்துல வேற யாராவது இன்னொரு கோல் போட்டிருந்தா, அந்தப் பெனால்டியே வந்திருக்காது. மஞ்சேரியிலும் சரி, எங்க ஊர் மைதானத்திலும் சரி.